வில்லியம் மார்ஷல்: ஐந்து மகன்கள் இருந்தும் சொத்து ஐந்து துண்டானது எப்படி?

நெடுங்கிளை:

வணக்கம். இங்கிலாந்தின் பெம்புரோக் ஏர்ல் (உயர் பிரபு) வில்லியம் மார்ஷல் 1219 மே 14 அன்று காவர்ஷம் மாளிகையில் கண்மூடியபோது ஐந்து மகன்கள், ஐந்து மகள்கள். 1245 டிசம்பர் முடிவதற்குள் மகன்கள் ஐந்து பேரும் போய்விட்டார்கள். அண்ணன் சாகத் தம்பி, தம்பி சாக அடுத்தவன் என்று முறைவைத்து வந்தும், ஒருவருக்குக்கூட முறையான பிள்ளை இல்லை. 1247-ல் சொத்து மகள்கள் வகையறாவுக்குப் பிரிந்தது.

எங்கே படித்தாலும் ஃபெர்ன்ஸ் பிஷப்பின் சாபம் என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்குத் தெரியவேண்டியது அதுவல்ல. நான்காவது மகனாகப் பிறந்தவருக்கு இவ்வளவு நிலம் எந்த வழியில் வந்தது? எந்தச் சட்டப்படி கைவிட்டுப் போனது? பங்கு பிரித்தவர்கள் எதை அளந்து பிரித்தார்கள்? ஆண்டும் தொகையும் தெரிந்தவர்கள் அவற்றோடு எழுதினால் நன்றாக இருக்கும்.

கோட்டைமதில்:

பிறப்பிலிருந்து தொடங்கினால்தான் கணக்கு நேராகும். அப்பா ஜான் மார்ஷலுக்கு இரண்டு தாரம். மூத்த தாரத்துப் பிள்ளைகள் கில்பர்ட், வால்டர். இரண்டாம் தாரம் சிபில், சாலிஸ்பரி ஏர்ல் பேட்ரிக்கின் தங்கை. அவருக்கு ஜான், வில்லியம், ஹென்றி, ஆன்செல். ஆக வில்லியம் நான்காமவர். அப்பா 1165-ல் இறந்தார், மூத்த தாரத்துப் பிள்ளைகளும் அதையொட்டியே போய்விட, பரம்பரைச் சொத்தும், அரசவையில் குதிரைகளையும் படையையும் கவனிக்கும் மார்ஷல் பதவியும் உடன்பிறந்த அண்ணன் ஜானுக்குப் போயின. வில்லியத்துக்கு ஒரு ஏக்கர்கூட வரவில்லை. இங்கிலாந்தில் அன்றைய வழக்கு அதுதான், ஆண்பிள்ளைகள் இருந்தால் தலைமகனுக்கே நிலம்.

அந்தப் பிள்ளையின் உயிருக்கு அப்பா என்ன மதிப்பு வைத்தார் என்பதற்கு 1152 சாட்சி. நியூபரி கோட்டை முற்றுகையில் ஸ்டீபன் மன்னரிடம் வில்லியத்தைப் பிணையாகக் கொடுத்திருந்தார். வயது ஐந்தோ ஆறோ. பேச்சை மீறினால் பிள்ளையைத் தூக்கில் போடுவோம் என்று சொல்லியனுப்பியதற்கு, "இவனைவிட நல்ல பிள்ளைகளை அடித்தெடுக்கச் சுத்தியலும் பட்டடையும் என்னிடம் இருக்கின்றன" என்று பதில் அனுப்பினார். ஸ்டீபனுக்குத்தான் மனம் வரவில்லை. அவருடைய கூடாரத்தில் செடித் தண்டுகளை வீரர்களாக வைத்து இருவரும் விளையாடியதாக, மார்ஷலின் வாழ்வைப் பாடும் பழைய பிரெஞ்சுச் செய்யுள் சொல்கிறது.

பிறகு நார்மண்டியில் டான்கார்வில் சீமானிடம் பயிற்சி. 1160-களின் நடுவில் டிரின்கூரில் நைட் பட்டம். நைட் என்றால் கவசமணிந்து குதிரையில் போரிடும் வீரர்.

ஏரிக்கரை:

டிரின்கூரைத் தொட்டுவிட்டதால் போர்ப்போட்டிப் பணத்தையும் சொல்லிவிடுகிறேன். பல வருட வருமானம் இதில்தான் இருந்தது, பலர் இதைத் தவறாகவும் புரிந்துகொள்கிறார்கள்.

டிரின்கூரில் நடந்த போரில் நாள் முழுக்கச் சண்டை போட்டுக் குதிரையைப் பறிகொடுத்தார். யாரையும் பிடிக்கவும் இல்லை. அன்றிரவு விருந்தில் மாண்டெவில் சீமான் அவரிடம் குதிரைக்குப் பூட்டும் ஒரு வால்வாரோ பழைய கழுத்துப்பட்டையோ பரிசாகக் கேட்டார். அப்படி எதுவும் என்னிடம் இருந்ததே இல்லையே என்றார் வில்லியம். "இன்று நாற்பது அறுபது உன் கண்முன் கிடந்தனவே" என்று கூடம் சிரித்தது. வீரம் காட்டினால் போதாது, குதிரையைப் பிடித்தால்தான் காசு என்பதை அங்கே கற்றுக்கொண்டார். பட்டமேற்பில் கிடைத்த மேலங்கியை 22 ஆஞ்சு ஷில்லிங்குக்கு விற்று ஒரு சுமைக்குதிரை வாங்கவேண்டி வந்தது.

12-ஆம் நூற்றாண்டுப் போட்டி இருவர் ஈட்டியோடு எதிரெதிரே ஓடுவதல்ல. இரண்டு ஊர்களுக்கு நடுவே வயலும் தோப்பும் சந்தும் எல்லாம் களம். இரு அணிகள் மோதிக் கலைந்து, துரத்தல் நாள் முழுக்க நடக்கும். வேலி போட்ட ஒதுங்கிடம் உண்டு, அதற்குள் போனால் தொடக்கூடாது. எதிரியை வெட்டிப்போடுவதில் லாபமில்லை. அவன் கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையோடு நம் பக்கம் இழுத்துவரவேண்டும். பிடிபட்டவன் வாக்குக் கொடுப்பான், பிறகு மீட்புப் பணம் கட்டுவான். குதிரையும் தளவாடமும் பிடித்தவனுக்கு.

தவறுவதும் இங்கேதான். ஆனேயில் ஒருவரைப் பிடித்துக் கடிவாளத்தோடு தெரு வழியே இழுத்துவந்தார், திரும்பிப் பார்க்கவில்லை. தாழ்வாக நீட்டிக்கொண்டிருந்த கூரைத் தூம்பை அந்த ஆள் எட்டிப் பிடித்துத் தொங்கிவிட்டார். வில்லியம் போய்ச் சேர்ந்து "இந்த வீரரை வைத்துக்கொள்" என்று பணியாளிடம் சொன்னபோது சேணத்தில் ஆள் இல்லை. பின்னால் வந்த இளவரசர் ஹென்றி (அரசர் இரண்டாம் ஹென்றியின் மகன்) எல்லாவற்றையும் பார்த்தும் வாய் திறக்கவில்லை.

ப்ளூர் போட்டியில் அடி விழுந்து தலைக்கவசம் நசுங்கித் திரும்பிப்போனது. கழற்ற முடியவில்லை. பரிசு கொடுக்கத் தேடிவந்தவர்கள் அவரைக் கண்டது கொல்லன் பட்டடையில். பட்டடைமேல் தலையை வைத்திருக்க, கொல்லர் சுத்தியலும் குறடும் கொண்டு விளிம்பை நெம்பிக்கொண்டிருந்தார். சின்ன நசுங்கல் இருந்தாலும் கழுத்துப் பக்கம் இறுகி மூச்சு முட்டும். கொல்லர் இல்லாத இடத்தில் உயிரே போகலாம்.

ரோஜர் டி கோஜி என்ற பிளெமிஷ் வீரரோடு வரவைச் சரிபாதி பிரிப்பதாகக் கூட்டுச் சேர்ந்தார். ஒரு பெந்தெகொஸ்தே முதல் அடுத்த தவக்காலம் வரை இருவரும் பிடித்த வீரர்கள் 103 பேர். குதிரையும் தளவாடமும் இதில் சேராது. கணக்கு எழுதிவைத்தவர் இளவரசரின் சமையற்கட்டு எழுத்தர் விகேன்.

நெடுங்கிளை:

> பிடித்த வீரர்கள் 103 பேர்

500 என்று படித்தேனே ஐயா?

ஏரிக்கரை:

இரண்டும் உண்டு. 103 என்பது இருவர் சேர்ந்து ஒரு பருவத்தில் பிடித்தது. 500 என்பது சாகும் தறுவாயில் அவரே சொன்னது, வாழ்நாள் முழுமைக்கும். போட்டியில் எடுத்ததைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் மோட்சம் இல்லை என்று பாதிரியார்கள் சொன்னதாகப் பேச்சு வந்தபோது, 500 பேரிடம் வாங்கியதை எப்படித் திருப்ப முடியும், அப்படியானால் யாருக்குமே மோட்சம் இல்லை என்றார். எழுத்தர் குறித்த கணக்கையும் நினைவில் சொன்ன தொகையையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது.

பத்திரத்தாள்:

போட்டிப் பணம் பெயரைக் கொடுத்தது. நிலத்தைக் கொடுத்தது கல்யாணம். இந்த இழைக்கு அச்சாணி இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

இளவரசர் ஹென்றி 1183 ஜூன் 11 அன்று மார்டெலில் இறந்தார். சிலுவைப்போருக்குப் போவதாக அவர் செய்திருந்த நேர்த்தியைத் தீர்க்க மார்ஷல் புனித பூமி போய் வந்தார். திரும்பியதும் இரண்டாம் ஹென்றி கார்ட்மெல் நிலத்தையும், லங்காஸ்டர் ஹெலோயிஸ் என்ற வாரிசுப் பெண்ணின் காப்பையும் கொடுத்தார். அவர் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை.

அன்றைய முறை என்னவென்றால், அரசரிடம் நேரடியாக நிலம் வைத்திருப்பவர் மைனர் பிள்ளையை விட்டு இறந்தால் பிள்ளையும் நிலமும் அரசர் காப்பில் போகும். பெண் வாரிசாக இருந்தால் அவளை யாருக்குக் கட்டிக் கொடுப்பது என்பதும் அரசர் கையில். அரசர் அந்த உரிமையை விற்கலாம், விசுவாசிக்குப் பரிசாகவும் தரலாம்.

இசபெல் டி கிளேர் அப்படிப்பட்ட வாரிசு. அப்பா ஸ்ட்ராங்போ என்ற ரிச்சர்ட் டி கிளேர், 1176-ல் இறந்தார். அம்மா ஈஃபா, அயர்லாந்தின் லென்ஸ்டர் அரசர் டெர்மட் மக்மரோவின் மகள். தம்பி கில்பர்ட் மைனராகவே இறந்துபோனதால் எல்லாம் இசபெல் தலையில் வந்தது. இரண்டாம் ஹென்றி வாக்குக் கொடுத்து 1189 ஜூலை 6-ல் இறந்தார். சில நாள் முன்புதான் லெ மான் அருகே, அப்பாவைத் துரத்திவந்த ரிச்சர்டின் குதிரையை மார்ஷல் ஈட்டியால் குத்திக் கொன்றிருந்தார். அதே ரிச்சர்ட் அரசரானதும் அந்த வாக்கை நிறைவேற்றினார். ஆகஸ்டில் லண்டனில் கல்யாணம். பெண்ணுக்குச் சுமார் 17, மாப்பிள்ளைக்கு நாற்பதைத் தாண்டியிருந்தது.

வந்த சொத்து:

செப்ஸ்டோவைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்ட்ரிகில் சீமை, 65½ நைட் மானியம். ஒரு நைட் மானியம் என்றால் அரசர் படைக்கு ஒரு கவச வீரரை அனுப்பக் கடமைப்பட்ட நிலம். லென்ஸ்டர், 100 நைட் சேவைக்கு. பெம்புரோக் உடனே வரவில்லை, பட்டத்தோடு 1199 மே 27-ல் ஜான் மன்னர் கொடுத்தார். ஜிஃபார்டு குடும்பச் சொத்தில் பாதி, அதாவது நார்மண்டியில் லாங்வில், இங்கிலாந்தில் காவர்ஷம் முதலானவை. இதற்கு 2,000 மார்க் கட்டினார். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்னி, ஆக 1,333 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்னி.

அண்ணன் ஜான் 1194-ல் வாரிசில்லாமல் இறந்தபிறகே அப்பாவின் நிலமும் மார்ஷல் பதவியும் வந்தன. மொத்தத்தில் அப்பா வழி வந்தது சிறு பங்கு. மனைவி வழி வந்ததே மலை. மார்ஷல் பெரும்பகுதிச் சொத்தை வைத்திருந்தது இசபெலின் கணவர் என்ற முறையில். 1207-ல் ஜான் மன்னர் அழைத்து மார்ஷல் இங்கிலாந்துக்குப் போகவேண்டி வந்தபோது, கில்கென்னியில் கூடிய தம் ஆட்களிடம் கர்ப்பிணியான இசபெலைக் காட்டி, "இவர்தான் உங்கள் பிறவிச் சீமாட்டி, எனக்கு இங்கே இருப்பதெல்லாம் இவர் மூலம் வந்தது" என்ற கருத்தில் பேசியது உபசாரப் பேச்சல்ல, சட்டப்படியே அதுதான் நிலை.

மலையருவி:

பத்திரத்தாள் ஐயா எழுதியதோடு நார்மண்டிச் சிக்கலையும் சேர்க்கவேண்டும். 1204-ல் நார்மண்டி பிரெஞ்சு அரசர் பிலிப் கைக்குப் போனது. லாங்வில் நிலத்துக்கு முடிவெடுக்க ஓராண்டுத் தவணை, அதற்கு 500 மார்க். 1205-ல் பிலிப்புக்கு விசுவாசப் பிரமாணம் செய்து நிலத்தைக் காப்பாற்றினார். ஜான் கொதித்துப்போனார். மார்ஷலின் மூத்த இரு மகன்களும் பிணையாகப் போனார்கள். பிணை என்றால் என்ன என்று இவருக்கு ஐந்து வயதிலேயே தெரியும். ஆனாலும் கொடுத்தார், கிளர்ச்சியில் சேரவில்லை. அரசர் அதிகாரத்துக்கு வரம்பிட்ட 1215 மாக்னா கார்ட்டா சாசனத்தைக் காக்க நியமிக்கப்பட்ட 25 பேரில் மூத்த மகன் வில்லியம் இருந்தார், அப்பா அரசர் பக்கம் இருந்தார்.

கோட்டைமதில்:

1216 அக்டோபரில் ஜான் இறந்ததும் ஒன்பது வயது மூன்றாம் ஹென்றிக்கு நாட்டுப் பொறுப்பாளர் ஆனது, நவம்பரில் பிரிஸ்டலில் சாசனத்தை மறுபடி வெளியிட்டது, 1217 மே 20 லிங்கன் போர் எல்லாம் தனி இழைக்கு உரியவை. ஒன்று மட்டும். லிங்கனில் 70 வயதில் தலைக்கவசம் போட மறந்து குதிரையைத் தட்டிவிட்டார், பணியாள் கூப்பிட்டு நிறுத்திப் போட்டுவிட்டார். போர் முடிந்தபோது அந்தக் கவசத்தில் மூன்று விரல் ஆழத்துக்கு நசுங்கல்கள் இருந்ததாகச் செய்யுள் சொல்கிறது.

மலையருவி:

சாவுப்படுக்கையில் செய்த ஏற்பாடுதான் இந்த இழைக்குத் தேவை. மூத்தவர் வில்லியத்துக்கு முழுச் சீமையும். இரண்டாமவர் ரிச்சர்டுக்கு லாங்வில்லும் அதைச் சேர்ந்த இங்கிலாந்து நிலமும். அதனால் அவர் பிரெஞ்சு அரசருக்குக் கட்டுப்பட்டவராக நார்மண்டியில் வாழ்ந்தார். மூன்றாமவர் கில்பர்ட் திருச்சபைக்கு. நான்காமவர் வால்டருக்குக் குட்ரிச் கோட்டை. கடைசிப் பிள்ளை ஆன்செலுக்கு ஒன்றும் வைக்கவில்லை. என்னைப்போல் அவனும் தேடிக்கொள்ளட்டும் என்றார். உடனிருந்த ஜான் ஆஃப் ஏர்லி மன்றாடியபிறகு, ஆண்டுக்கு 140 பவுண்டு வருமானமுள்ள ஐரிஷ் நிலம் கொடுத்தார்.

கல்யாணமாகாமல் இருந்தது ஜோன் ஒருத்திதான். அவள் பெயருக்கு 30 பவுண்டு நிலம், ரொக்கமாக 200 மார்க்.

அந்த நாட்களில் ஒரு நாள் பாடவேண்டும்போல் இருக்கிறது என்றார். மகள்களை அழைத்தார்கள். மூத்தவள் மாட் பாடினாள், அழுகையோடு. ஜோன் கூச்சப்பட்டுத் தாழ்ந்த குரலில் பாட, "கூச்சப்பட்டால் பாட்டு சரியாக வராது" என்று சொல்லி, எப்படிப் பாடுவது என்று தாமே காட்டிக்கொடுத்தார். புனித பூமியிலிருந்து முப்பது ஆண்டுக்கு முன் கொண்டுவந்த பட்டுத் துணிகளை எடுத்துவரச் சொல்லி, பிணத்தின்மேல் இதைப் போர்த்துங்கள், வழியில் மழை வந்தால் நனையாமலிருக்க மேலே ஒரு சாதாரணத் துணியும் போடுங்கள் என்றார். பெருநாளுக்கு வீரர்களுக்குக் கொடுக்க வைத்திருந்த மென்மயிர் அங்கிகளை விற்று ஆன்ம நலனுக்குச் செலவிடலாம் என்ற எழுத்தரை அதட்டினார். அவை என் ஆட்களுக்கு உரியவை, கடைசி முறையாகக் கொடுக்கிறேன் என்றார். இந்த மனிதரை எனக்குப் பிடித்துப்போனது இந்தப் பக்கங்களில்தான்.

டெம்பிளர் என்ற போர்த்துறவியர் சபையில் உறுப்பினராகி லண்டன் டெம்பிள் சர்ச்சில் அடக்கமானார். இசபெல் 1220-ல் இறந்து டின்டர்னில் அடங்கினார்.

நெடுங்கிளை:

அக்கா, ஏற்பாட்டைப் பார்த்தால் ஐந்து பேரும் பிழைக்க வழி இருந்திருக்கிறது. பிறகு எங்கே இடறியது?

ஏரிக்கரை:

ஒவ்வொருவராகப் பாருங்கள்.

வில்லியம்: முதல் மனைவி ஆலிஸ் சீக்கிரமே இறந்துவிட்டார். 1224-ல் அரசரின் தங்கை எலினாரைக் கட்டினார். பெண்ணுக்கு வயது 9. அவளுக்குப் பதினாறு நடக்கும்போது, 1231 ஏப்ரல் 6-ல் இவர் இறந்தார். மனைவி பருவமெய்தக் காத்திருந்ததிலேயே தாம்பத்தியத்தின் பெரும்பகுதி போய்விட்டது.

ரிச்சர்ட்: மனைவி கெர்வெய்ஸ் ஏற்கெனவே கைம்பெண், பிரிட்டனியில் நிலமுள்ளவர். 1233-ல் வின்செஸ்டர் பிஷப் பீட்டர் ஆட்களை எதிர்த்து அரசரோடு மோதினார். 1234 ஏப்ரல் 1 அன்று அயர்லாந்தின் கர்ரா வெளியில் சமாதானம் பேசப் போன இடத்தில் சண்டை. 140 பேருக்கு எதிரே இவரோடு நின்றவர்கள் 15 வீரர்கள்தான் என்று அன்றைய வரலாற்றாளர் எழுதுகிறார். காயத்தோடு கில்கென்னிக்குக் கொண்டுபோனார்கள். மருத்துவர் சூட்டுக்கோலால் சுட்டார், ஏப்ரல் 16-ல் உயிர் போனது.

கில்பர்ட்: திருச்சபைக்கென்று வளர்ந்தவர், போர்ப் பயிற்சி இல்லை. அண்ணன் சாவால் ஏர்ல் ஆனார். 1235-ல் ஸ்காட்லாந்து அரசர் அலெக்சாந்தரின் தங்கையைக் கட்டினார். 1241 ஜூன் 27-ல், அரசர் தடை போட்டிருந்த போட்டியை ஹெர்ட்ஃபோர்டு பக்கம் நடத்தினார். தாமும் வீரர்தான் என்று காட்டவேண்டிய கட்டாயம் அவருக்கு. முரட்டு இத்தாலியக் குதிரை. பாய்ச்சலில் இழுத்து நிறுத்தப் பார்த்தபோது கடிவாள வார் அறுந்தது. வார் போனால் குதிரையை அடக்க வேறு பிடி கிடையாது. சேணத்திலிருந்து சாய்ந்தவர் கால் வளையத்தில் மாட்டிக்கொள்ள, குதிரை அவரை இழுத்துக்கொண்டே ஓடியது. அன்றிரவே இறந்தார். அப்பா கடிவாளம் பிடித்தே வளர்ந்தவர், மகன் உயிர் கடிவாள வாரில் போனது என்பது எனக்கு ஆறாத விஷயம்.

வால்டர்: அந்தத் தடைபோட்ட போட்டியில் இவரும் இருந்ததால் அரசர் சீமையைக் கொடுக்கச் சில மாதம் இழுத்தடித்தார். 1242-ல் லிங்கன் சீமாட்டி மார்கரெட் டி குயின்சியோடு கல்யாணம், 1245 நவம்பரில் குட்ரிச்சில் சாவு.

ஆன்செல்: ஒரு மாதத்துக்குள், டிசம்பரில் செப்ஸ்டோவில் இறந்தார். அரசருக்குப் பிரமாணம் செய்து நிலத்தைச் சுவாதீனம் எடுக்கவே நேரமில்லை.

வாலிபத்தில் கல்யாணமாகி வீட்டில் தங்கிய மகன் ஒருவருமில்லை. தலைமகனுக்கே எல்லாம் என்ற வழக்கில் தம்பிகள் பெண் தேடுவது தாமதமாகும். நிலம் இல்லாதவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நிலம் வந்தபோது வருடங்கள் இல்லை.

பழஞ்சுவடி:

சாபத்தை மொத்தமாக ஒதுக்கவேண்டாம், அதற்குள் ஒரு நிலத் தாவா இருக்கிறது. ஃபெர்ன்ஸ் பிஷப் ஆல்பினின் இரண்டு மேனர்களை (பண்ணைக் கிராமங்களை) மார்ஷல் எடுத்துக்கொண்டார். பிஷப் திருச்சபை விலக்கு விதித்தார். மார்ஷல் இறந்தபின் மன்னரோடு கல்லறைக்கு வந்த பிஷப், நிலத்தைத் திருப்பினால் விடுவிக்கிறேன் என்றார். மகன்கள் மறுத்தார்கள். ஒரே தலைமுறையில் பெயர் அழியும் என்று பிஷப் சொன்னதாக அக்காலத்துத் துறவி வரலாற்றாளர் மேத்யூ பாரிஸ் எழுதுகிறார். ஆல்பின் 1223-ல் இறந்தார். பாரிஸ் இதை எழுதியபோது மகன்கள் சாவு தெரிந்த சேதி. நடந்து முடிந்ததை வைத்துச் சாபத்துக்கு வடிவம் கொடுப்பது எளிது. நிலத் தாவாவை நம்புகிறேன், வாக்குப் பலித்ததை வரலாறாக எடுக்கமாட்டேன்.

நெடுங்கிளை:

பழஞ்சுவடி ஐயா, நன்றி. இன்னொரு சந்தேகம். தாயாதி ஆண் ஒருவர்கூட இல்லையா? மார்ஷலின் அண்ணன் மகன் ஒருவர் ஜான் மார்ஷல் என்று இருந்தாரே.

பத்திரத்தாள்:

இருந்தார், சித்தப்பாவுக்குப் பெரிய கைத்துணையாகவும் இருந்தார். ஆனால் அவர் முறையான கல்யாணத்தில் பிறந்தவரல்ல, அதனால் வாரிசுரிமை கிடையாது. அவர் 1235 வாக்கிலேயே இறந்தும்விட்டார். அவர் முறையான பிள்ளையாகவே இருந்திருந்தாலும் பயன் இருந்திருக்காது. இங்கிலாந்து வழக்கில் மகன் வரிசை அற்றுப்போனால் அடுத்து மகள்கள்தான். பங்காளி ஆணுக்கு முன் மகள் வருவாள்.

இங்கே இரண்டு விதியை மனதில் வையுங்கள். மகன்களில் ஒருவனுக்கே முழுதும். மகள்களில் எல்லோருக்கும் சரிபங்கு. மூத்தவளுக்குத் தலைமை மாளிகையைத் தேர்வதில் முன்னுரிமை உண்டு, மதிப்பில் கூடுதல் கிடையாது. இறந்துபோன மகளின் பங்கு அவள் பிள்ளைகளுக்கு, அங்கேயும் மகன் இருந்தால் மகன், இல்லாவிட்டால் மகள்கள் சரிசமம்.

இனி விதவைப் பங்கு. நம்மூர்ச் சீதனத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். பெண் வீட்டார் கொடுப்பது வேறு. கணவன் இறந்தால் அவன் நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு மனைவிக்கு ஆயுட்கால அனுபவ பாத்தியமாகப் போவது இது. விற்கமுடியாது, மறுமணம் செய்தாலும் அவளுக்கே, செத்தபின் வாரிசுக்குத் திரும்பும். வரிசையாக அண்ணன் தம்பிகள் செத்தால் ஒவ்வொரு விதவையும் ஒரு பங்கோடு நிற்பார். வாரிசுக்கு வருவது வில்லங்கம் ஏறிய சொத்து.

எலினார் கணக்கைப் பாருங்கள். அயர்லாந்து, வேல்ஸ் நிலங்களில் அவருக்கு வரவேண்டிய மூன்றிலொரு பங்குக்குப் பதிலாக ஆண்டுக்கு 400 பவுண்டு என்று 1233-ல் அண்ணனே ஒப்புக்கொண்டார். உண்மை மதிப்பு அதைவிட மிக அதிகம் என்பது எலினாரின் குறை. அந்த 400-ம் ஒழுங்காக வரவில்லை. 1238-ல் அவர் சிமோன் டி மான்ட்ஃபோர்ட்டைக் கட்டியதும் இது அவர்கள் இருவரின் வழக்காகி, 1259 பாரிஸ் உடன்படிக்கைக்குத் தேவையான விடுதலைப் பத்திரத்தில் கையொப்பமிடாமல் எலினார் நிறுத்திவைக்கும் அளவுக்கு வளர்ந்தது. அவர் இறந்தது 1275-ல். கணவன் செத்து 44 ஆண்டு அந்தச் சொத்தின் மேல் பாத்தியம் இருந்திருக்கிறது.

வால்டரின் விதவை மார்கரெட்டும் 1266 வரை வாழ்ந்தார். ஆன்செலின் விதவை மாட் டி போஹன் மட்டும் வெறுங்கையோடு போனார். ஆன்செல் பிரமாணமும் செய்யவில்லை, சுவாதீனமும் பெறவில்லை, ஆகவே விதவைப் பங்கு இல்லை என்று முடிவானது. கணவன் ஒரு நாளாவது சுவாதீனத்தில் இருந்த நிலத்தில்தான் மனைவிக்குப் பங்கு.

கோட்டைமதில்:

பங்கு பிரித்த முறை இது. ஆன்செல் இறந்ததும் அரசர் ஆட்கள் நிலத்தைத் தம் பொறுப்பில் எடுத்தார்கள். ஒவ்வொரு மேனரிலும் ஊர்க்காரர்களைச் சத்தியம் வாங்கி உட்காரவைத்துக் கேட்பார்கள்: சொந்தப் பண்ணையில் உழுநிலம் எவ்வளவு, புல்தரை எவ்வளவு, ஆலை வாடகை, குத்தகை, கோர்ட் கட்டணம், சந்தை வரி. எல்லாம் ஆண்டு வருமானமாக மாற்றப்படும். ஏக்கரை வைத்துப் பிரித்தால் சதுப்புக்கும் வயலுக்கும் ஒரே மதிப்பாகிவிடும், அதனால் வருமானத்தைச் சரிசெய்வார்கள். நைட் மானியங்களும், தேவாலயத்துக்குப் பாதிரியாரை நியமிக்கும் உரிமையும் தனிப் பட்டியல். விதவைகள் கையில் இருப்பதும், பின்னால் திரும்பும்போது யாருக்கு என்று இப்போதே குறிக்கப்படும்.

லென்ஸ்டர் ஆண்டு வருமானம் ஏறத்தாழ 1,716 பவுண்டு. பங்குக்கு 343 சொச்சம். 1247 மே மாதத்தில் பிரிவினை முடிந்தது.

மாட், அப்போது உயிரோடிருந்த ஒரே மகள்: செப்ஸ்டோ, கார்லோ, மார்ஷல் பதவி. பதவியைத் துண்டு போடமுடியாது என்பதால் அது மூத்தவளுக்கு. அவரிடமிருந்து மகன் ரோஜர் பிகாட்டுக்கு.

இசபெல், 1240-ல் இறந்தவர்: கில்கென்னி, அஸ்க், கேர்லியன். மகன் குளோஸ்டர் ஏர்ல் ரிச்சர்ட் டி கிளேருக்கு.

சிபில், ஃபெரர்ஸ் மனைவி: கில்டேர். ஏழு மகள்கள், ஆண் இல்லை. ஒவ்வொருத்திக்கும் மொத்தத்தில் 35-ல் ஒரு பங்கு.

ஈவா, 1230-ல் வேல்ஸ் இளவரசர் லுவெலின் தூக்கிலிட்ட வில்லியம் டி பிரெயோஸின் விதவை: டனமேஸ் கோட்டையும் லீஷ் நிலமும், வேல்ஸில் ஹேவர்ஃபோர்டும். இவருக்கும் மகள்கள்தான். மோர்டிமர், போஹன், கான்டிலூப் வீடுகளுக்குப் போனது.

ஜோன், 1234-ல் இறந்தவர்: வெக்ஸ்ஃபோர்டு, பெம்புரோக், குட்ரிச். அவர் மகன் ஜான் 1247-லேயே இறக்க, மகள் ஜோனுக்கு வந்தது. அரசர் அவளைத் தம் ஒன்றுவிட்ட தம்பி, தாய்வழி உடன்பிறப்பான வில்லியம் டி வாலன்ஸுக்கு அந்த ஆண்டே கட்டிவைத்தார்.

மலையருவி:

கோட்டைமதில், "ஒன்றுவிட்ட" என்பதைத் திருத்திவிடுங்கள். வாலன்ஸ் மன்னரின் அம்மாவுக்கு இரண்டாம் கணவர் வழி பிறந்தவர், ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஒன்றுவிட்ட தம்பி என்றால் சித்தப்பா பிள்ளை ஆகிவிடும். வாலன்ஸ் தகப்பனால் அயலார், அதனால்தான் மற்ற சீமான்களுக்கு அவர்மேல் அவ்வளவு காழ்ப்பு.

கோட்டைமதில்:

சரிதான் அக்கா, "ஒரு தாய்ப் பிள்ளை" என்றே படித்துக்கொள்ளுங்கள்.

பழஞ்சுவடி:

அந்தச் சிறு வரிக்குள் பெரிய விஷயம் இருக்கிறது. 1189-ல் ஒரு வாரிசுப் பெண்ணை அரசர் தம் ஆளுக்குக் கொடுத்ததால் மார்ஷல் சீமை உருவானது. 1247-ல் இன்னொரு வாரிசுப் பெண்ணை அதே உரிமையால் இன்னொருவருக்குக் கொடுத்தார்கள், பெம்புரோக் நகர்ந்தது. லென்ஸ்டர் என்ற ஒரே ஆட்சி ஐந்து தனிக் கோர்ட்டுகளாகப் பிரிந்தபோது, ஐந்து சீமான்களும் பெரும்பாலும் இங்கிலாந்திலேயே இருப்பவர்கள். வருமானம் கடல் தாண்டிப் போனது, காவலுக்கு ஆள் இல்லை. லீஷ் பகுதி பின்னால் ஐரிஷ் தலைவர்களிடம் போனதற்கு இந்தப் பிரிவினையும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன்.

பெண்வழிச் சந்ததி மட்டும் பெருகியது. மார்ஷல் மகள் இசபெலின் மகள் இன்னொரு இசபெல் புரூஸ் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டார். ஸ்காட்லாந்து அரசர் ராபர்ட் புரூஸ் மார்ஷலுக்கு எள்ளுப்பேரன். மார்ஷல் பதவி இன்று நார்ஃபோக் டியூக்கிடம் இருக்கிறது.

நெடுங்கிளை:

எல்லோருக்கும் நன்றி. கேட்டது முழுக்கக் கிடைத்தது. மாட் அதன்பின் எவ்வளவு காலம் இருந்தார்?

மலையருவி:

ஓராண்டுதான். 1248-ல் இறந்தார். சகோதரர்கள் எல்லோரும் போனபின் "இங்கிலாந்து மார்ஷல்" என்று தம் பட்டங்களோடு சேர்த்து எழுதிக்கொண்டவர் அவர். டின்டர்னில் அம்மா இசபெல் கிடக்கும் இடத்துக்கே கொண்டுபோனார்கள். பிகாட் பிள்ளைகள் ரோஜர், ஹியூ, ரால்ஃப், வாரென் பிள்ளை ஜான், நான்கு மகன்களும் தோள்கொடுத்துத் தூக்கிவந்தார்கள்.